சிறிதரனுக்கு ஒரு கௌரவம்

தமிழ்ச் சங்கத்து விக்னராஜா ஒரு பெட்டி மாம்பழத்துடன் வந்தார். மிருணாளினியின் கணவர் சிறிதரனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. செத்தவீட்டுக்கு வந்து வாசலோடு நின்றுவிட்டு வேலை இருக்கிறது என்று போன மனிதர், சிட்னி மெரிலேண்ட்ஸில் அந்தச் சின்ன வீட்டின் சாப்பாட்டு மேசையடியில் கதிரையை இழுத்துப் போட்டு வசதியாகச் சாய்ந்தபோதே, ஏதோ அலுவலாகத்தான் வந்திருக்கிறார் என்று மிருணாளினிக்கு விளங்கிவிட்டது.

"மிருணா அக்கா, சங்கம் ஒரு முடிவெடுத்திருக்கு. இந்த முறை பொங்கல் விழாவில சிறி அண்ணைக்குச் சமூகச் சேவை விருது குடுக்கிறம்."

"அவர் இல்லையே."

"அதுக்குத்தானே நீங்கள் இருக்கிறியள். எங்கட எம்.பி வாறார். அவற்ற கையால வாங்கலாம்."

மிருணாளினி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனாள். கேத்தில் கொதிக்கும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதே விக்னராஜாதான். சங்கத்தின் நவராத்திரி வாணி விழாவில், மண்டப வாசலில் ஒரு மேசை போட்டுக் கையெழுத்து வாங்கட்டுமா என்று சிறிதரன் கேட்டபோது, "அண்ணை, இது கலாசார நிகழ்ச்சி. உந்தக் கள்ளத்தோணியளின்ர அரசியலை இஞ்ச கொண்டு வராதேங்கோ" என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். சிறிதரன் கோபப்படவில்லை. மடித்த மேசையைக் காரில் ஏற்றும்போது மட்டும் மனைவியிடம் சொன்னார்: "அங்க மலைநாட்டுத் தோட்டத்துச் சனத்தைக் கள்ளத்தோணி எண்டம். இஞ்ச வந்து எங்கட பெடியளையே சொல்லுறம். பிளேனில வந்தவைக்குக் கண் மேலதான் இருக்கும்."

அந்தக் கையெழுத்துகள் சுஜீதனுக்காக. கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியன். பெடியன் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது. படகில் வந்து சேர்ந்தவனை, பாதுகாப்பு அறிக்கை சரியில்லை என்று வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். என்ன சரியில்லை என்று அவனுக்கும் சொல்லவில்லை, அவனுடைய வக்கீலுக்கும் சொல்லவில்லை. சிறிதரன் ஒவ்வொரு ஞாயிறும் போனார். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், கடையில் ஒட்டின பைக்கற்றுகள்தான் போகும். அதனால் முறுக்கும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போவார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான். மிருணாளினியும் கூடப் போவாள்.

அந்தப் பார்வையாளர் அறையில் சிறிதரன் கதை சொல்லுவார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையருமாக மாணவர்கள் பஸ்ஸில் ஏறி, அடி வாங்கி, சட்டத்தை மாற்ற வைத்த கதை. அதைப் பார்த்து அறுபத்தைந்தாம் ஆண்டு சிட்னி மாணவர்கள் ஒரு பஸ் பிடித்து மோரீ என்ற ஊருக்குப் போன கதை. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளை நீச்சல் தடாகத்தில் இறங்கவிடாமல் வைத்திருந்தார்களாம். மாணவர்கள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்களாம்.

"அண்ணை," என்றான் சுஜீதன், "அவைக்குப் பஸ் கிடைச்சிருக்கு. எனக்குக் கிடைச்சது போட். நான் பிழையான வாகனத்தில ஏறிப்போட்டன்."

சிறிதரன் அன்று சிரித்த சிரிப்புக்குக் காவலர் திரும்பிப் பார்த்தார்.

ஐப்பசியில் சிறிதரனுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து போய்விட்டார். அதற்கு முந்தின மாதம்தான் சுஜீதனுக்கு அறிவித்தல் வந்திருந்தது. நீதிமன்றக் கதவுகள் எல்லாம் மூடியாகிவிட்டது, திருப்பி அனுப்புவோம் என்று. இனி அமைச்சர் தானாக மனம் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. ஆளும் கட்சி எம்.பி ஒருவர் வாய் திறந்தால் அமைச்சர் பார்ப்பார் என்று வக்கீல் சொன்னார். சிறிதரன் இதே எம்.பியின் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஒவ்வொரு முறையும் முன்னால் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாகச் சிரித்து, அவர் இல்லை என்றது.

மிருணாளினி தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு விருது வேண்டாம். எம்.பியோட ஒரு பத்து நிமிசம் இருந்து கதைக்க வேணும். சுஜீதன்ர விசயம்."

விக்னராஜா கோப்பையைத் தூக்கி, குடிக்காமல் வைத்தார். "அக்கா, மேடையில அதைத் தொடாதேங்கோ. அப்பிடி மூஞ்சைக்கு நேர கேட்டால் இவங்கள் வெருண்டிடுவாங்கள். நாங்கள் எங்கட முறையில செய்வம். முதல்ல ஆளைக் கௌரவிப்பம். பொன்னாடை, மாலை, ரெண்டு நல்ல வார்த்தை. பிறகு உள் அறையில சாப்பாடு. அவருக்குப் பக்கத்துக் கதிரையில உங்களை இருத்துறன். வடிவா, ஆறுதலாக் கதையுங்கோ."

"உண்மையாவே இருத்துவீங்களே?"

"நான் சொன்னால் சொன்னதுதான். இன்னொண்டு. எம்.பிக்குப் பொன்னாடையை நீங்கள்தான் போர்த்த வேணும்."

"நானோ? இன்னும் ஆண்டுத் திவசமும் முடியேல்லை."

"உந்தப் பழைய சம்பிரதாயமெல்லாம் சங்கம் பாக்கிறேல்லை அக்கா. நாங்கள் முற்போக்கான ஆக்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "விளக்கு மட்டும் சோடியா ஏத்துறது வழக்கம். அதை நானும் மனிசியும் ஏத்துறம்."

ராதாவுக்குச் சொன்னபோது அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். மதுரைக்காரி, ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவில் வேலை. கோயிலில் சிறிதரனிடம் பேச்சுக் கொடுத்து, அப்படியே ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லாவுட்டுக்கு வரத் தொடங்கியவள். சிறிதரன் போன பிறகு மிருணாளினியைக் கூட்டிப் போவதும் அவள்தான்.

"ஆன்ட்டி, அந்த எம்.பி பார்லிமென்ட்ல கை தூக்கித்தான அந்தச் சட்டமே பாஸாச்சு? சுஜீதன் மாதிரி ஆளுங்களைச் சீக்கிரம் ஏத்தி அனுப்புறதுக்குன்னே போட்ட சட்டம். அவருக்கா நீங்க சால்வை போர்த்தப் போறீங்க?"

"பத்து நிமிசம் கிடைக்கும் பிள்ளை."

"அங்கிள் இருந்தா போர்த்தியிருப்பாரா?"

"அங்கிள் இல்லை எண்டபடியாத்தான் நான் யோசிக்க வேண்டிக் கிடக்கு," என்றாள் மிருணாளினி. "அவர் போர்த்தியிருக்க மாட்டார். அவருக்கு அந்த அறைக்குள்ள இடமும் கிடைச்சிருக்காது."

ராதா காரை எடுத்தாள். அன்று சுஜீதனிடம், எம்.பியோடு கதைக்க ஏற்பாடாகியிருக்கிறது என்று மட்டும் மிருணாளினி சொன்னாள். பொன்னாடையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவன் முன்னுக்கு வளைந்து கேட்டான். "மெய்யே அக்கா? அண்ணைக்கே கிடைக்காதவர்." முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதைக் கண்டபிறகு அவளுக்குப் பின்வாங்க வழி இல்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுச்சேலைகளும் நகைகளும், மேடைக்குப் பின்னால் ஓடித் திரியும் நடனப் பிள்ளைகளும். விக்னராஜாவும் மனைவியும் விளக்கேற்றினார்கள். எம்.பி நெடிய மனிதர். கையைக் கூப்பி "வணக்கம்" என்று ஒரு மாதிரிச் சொல்லி முடித்தார். சனம் கைதட்டி ஓயக் கனநேரம் எடுத்தது. பிறகு ஆங்கிலத்தில் பேசினார். உங்கள் சமூகம் கடும் உழைப்பாளிகளின் சமூகம். வந்தீர்கள், விதிமுறையை மதித்தீர்கள், உங்கள் முறை வரும்வரை வரிசையில் பொறுமையாக நின்றீர்கள். இந்த நாடு அதை மறக்காது.

அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சுற்றுலா விசாவில் வந்து இறங்கி, திரும்பிப் போகாமல் நின்றவர்கள் என்று மிருணாளினிக்குத் தெரியும். அவளும் சிறிதரனும் அப்படி வந்தவர்கள்தான். அந்த நேரம் அதற்குப் பெயர் அகதி. கைதட்டுபவர்களின் முகங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒருவரும் நடிக்கவில்லை. உண்மையாகவே வரிசையில் நின்றோம் என்றுதான் இப்போது நினைக்கிறார்கள்.

விக்னராஜா சிறிதரனைப் பற்றி வாசித்தார். கோயில் கட்டட நிதிக்கு உழைத்தவர். தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட்டவர். எல்லாம் உண்மை. வில்லாவுட் என்ற சொல் மட்டும் எங்கேயும் வரவில்லை.

பிறகு பொன்னாடை. எம்.பி பழகிய ஆள் போல் தலையைக் குனிந்து கொடுத்தார். அவர் தோளில் அதைப் போட்டுவிட்டு அவள் திரும்ப, படக்காரர் கூப்பிட்டார்.

"அன்ரி, இன்னொருக்கா. தலை மறைச்சுப் போச்சு. இந்தப் பக்கம் பாத்து, கொஞ்சம் சிரிச்ச முகமா."

எம்.பி சால்வையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டாம் முறை போர்த்தினாள். இந்த முறை சிரித்தாள். பத்து நிமிடத்துக்காகச் சிரிக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வாயை விரித்துச் சிரித்தாள்.

விருதைக் கையில் பிடித்தபடி உள் அறைக்குப் போனாள். வாழையிலை விரித்திருந்தது. எம்.பிக்கென்று வைத்திருந்த கதிரையின் முதுகில் பொன்னாடை கிடந்தது. கதிரையில் ஆள் இல்லை.

"எங்க அவர்?"

"அவருக்கு இன்னொரு நிகழ்ச்சி அக்கா. லேற்றாப் போச்சு எண்டு ஓடீட்டார்," என்றார் விக்னராஜா. "நான் கார் வரைக்கும் போனனான். சொன்னனான்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஒரு கேஸ் இருக்கெண்டு."

"பேர் சொன்னீங்களே?"

விக்னராஜா பொன்னாடையை எடுத்து நாலாக மடிக்கத் தொடங்கினார். "கார்க் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு எல்லாம் விளக்கேலுமே? ஒஃபிசுக்கு ஈமெயில் போடச் சொன்னவர். நல்ல மனிசன். கட்டாயம் பாப்பார்." மடித்ததைத் தட்டிச் சுருக்கம் எடுத்து, ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்தார். "இதை மறந்து விட்டிட்டுப் போட்டார். பரவாயில்லை, அடுத்த வருசத்துக்கு உதவும். நீங்கள் இருங்கோ அக்கா, சாப்பிடுங்கோ. பொங்கல் ஆறப்போகுது."

"இருத்துறன் எண்டனீங்கள்."

"கதிரை போட்டுத்தானே இருக்கு," என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது பதில்தான்.

படம் அன்றே எம்.பியின் இணையப் பக்கத்தில் வந்தது. தமிழ்ச் சமூகத்தோடு நிற்பதில் பெருமை என்று எழுதியிருந்தது. இரண்டாம் முறை எடுத்த படம். குனிந்த தலை, மின்னும் கரை, அவளுடைய சிரிப்பு. வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றிச் சுற்றி, பாராட்டுகளோடு அவளுடைய ஃபோனுக்கே வந்தது. முகாமுக்குள் இருப்பவர்களிடமும் ஃபோன் இருக்கிறது என்ற நினைவு அவளுக்குப் பிறகுதான் வந்தது. சுஜீதனை அழைத்தாள். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராதாவோடு வில்லாவுட்டுக்குப் போனாள். மேசையில் இருந்த காவலர் பசிபிக் தீவுக்காரர், பெரிய உடம்பு. இத்தனை வருடத்தில் அவர்களைக் கண்டு பழகியவர். சிறிதரனை 'ஸ்ரீ' என்றுதான் கூப்பிடுவார். அவள் அடையாள அட்டையை நீட்ட, அவர் உள்ளே ஃபோனில் கதைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஃபோனை வைத்துவிட்டு, சுஜீதன் இன்று வெளியே வர விரும்பவில்லையாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"உடம்பு சரியில்லையா?" என்று ராதா ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினார். விரும்பவில்லை, அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, கிளம்பலாமா?"

"நேரம் முடியும் வரைக்கும் இருப்பம். மனம் மாறினால் வருவான்."

பிளாஸ்ரிக் கதிரையில் பைக்கற்றுகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மற்றவர்களைப் பார்க்க வந்தவர்கள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். நடுவில் ஒருமுறை ஃபோன் அதிர்ந்தது. சுஜீதன்தான்.

'அக்கா, கோவம் இல்லை. எனக்காகத்தான் போனீங்கள் எண்டு தெரியும். ஆனா என்னை ஏத்தி அனுப்பக் கையெடுத்த ஆளின்ர தோளில உங்கட கை கிடக்கிறதைக் கண்டிட்டன். அந்தக் கையால நீங்கள் எனக்கு பிஸ்கட் தர நான் வாங்கேலாது. அண்ணை இதுக்காகவோ இவ்வளவு காலமும் வந்தவர் எண்டு நினைக்க வயிறு எரியுது. என்னை மன்னியுங்கோ.'

அவள் அதை ராதாவிடம் காட்டவில்லை. பதில் எழுதத் தொடங்கினாள். எம்.பியோடு கதைக்க முடியவில்லை என்று எழுதினால், அதற்கும் அந்தச் சிரிப்புக்கும் என்ன கணக்கு என்று அவன் கேட்பான். கதைத்தேன் என்று எழுதினால் பொய். எழுதியதை அழித்தாள். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொன்னபோது, அவர் கையை நீட்டி, ஸ்ரீ நல்ல மனிதர், ஒரு ஞாயிறும் தவறாமல் இங்கே வந்தவர், கேள்விப்பட்டுக் கவலைப்பட்டேன் என்றார். சிறிதரன் வில்லாவுட்டுக்கு வந்து போனவர் என்பதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"கோவம் ஆறிடும் ஆன்ட்டி," என்றாள் ராதா காரில். "அடுத்த வாரம் வந்து நிப்பார் பாருங்க."

வியாழன் விடிய அவனைக் கொழும்பு விமானத்தில் ஏற்றினார்கள். வக்கீல் சொல்லித்தான் தெரியும். அவள் அனுப்பிய ஈமெயிலுக்கு எம்.பியின் அலுவலகம், கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி போட்டிருந்தது.

விக்னராஜா ஃபோன் செய்தார். "கேள்விப்பட்டன் அக்கா. சரியான கவலை. எங்களால ஏலுமானதைச் செய்தம் என்ன."

"ஓம்," என்றாள் மிருணாளினி. "செய்தனீங்கள்."

"சங்கத்தின்ர ஆண்டு மலருக்கு சிறி அண்ணையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாறியளே?"

"தாறன். வில்லாவுட்டைப் பற்றி மட்டும்தான் எழுதுவன். போடுவீங்களே?"

லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்றார். பிறகு எடுக்கவில்லை.

ஞாயிறு காலை ராதாவின் கார் வாசலில் வந்து நின்றது. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். மிருணாளினி கடைப்பையோடு இறங்கி வந்து, கதவைத் திறந்து ஏறி, பெல்ற்றைப் போட்டாள்.

ராதா காரை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "ஆன்ட்டி, இனிமே அங்க யாரைப் பாக்கப் போறோம்?"

"காரை எடும் பிள்ளை," என்றாள் மிருணாளினி. "உள்ளுக்கு ஆக்களுக்கு என்ன குறைவே."