கனத்த குவளைகள்

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் போகும்போது ரோஸ்விதாவின் மோப்ப சக்தியையும் கொண்டுபோய்விட்டது. திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பீர் காய்ச்சுகிறவளுக்கு வாசனை தெரியாது என்று வெளியே எப்படிச் சொல்வது? கணவன் ஆல்பன் இருந்தவரை நிலவறையில் பேச்சுத்துணை இருந்தது. அவன் இறந்த பிறகு ஆலை மொத்தமும் அவள் ஒருத்தி கையில். பழகிய கை காய்ச்சிவிடும் என்று நம்பினாள்.

மே மாதம் தோட்டத்து லிண்டன் மரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டாள். பீர் குடிக்க ஊரே வந்து உட்கார்ந்தது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் பீங்கான் குவளைகளைத் திரும்ப எடுக்கும்போது கை கனத்தது. ஒவ்வொன்றிலும் பாதி பீர் மிச்சம். அந்த ஊரில் சாவுச் செய்தி வந்தால்கூடக் குடித்துமுடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

மாடு வளர்க்கும் காஸ்பர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"பீர் எப்படி இருக்கு?"

"குடிக்கலாம்."

"அப்ப ஏன் குடிக்கல?"

காஸ்பர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "முட்டைக்கோஸ் வேகவச்ச தண்ணி மாதிரி அடிக்குது, ரோஸ்விதா. தோட்டம் திறந்ததுலேருந்தே."

"இத்தனை நாள் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"ஆல்பனும் இல்லாம நீ தனியாக் கெடந்து அல்லாடுற. உங்கிட்ட எந்த மூஞ்சியோட குறை சொல்றது? நீயே மோந்து பாத்துக் கொட்டிடுவேன்னு இருந்தோம்."

"எனக்கு வாசனையே தெரியறதில்ல காஸ்பர். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் சுத்தமா இல்ல."

காஸ்பர் தன் சட்டையைத் தானே ஒருமுறை மோந்து பார்த்தான்.

"அதானே பாத்தேன். தொழுவத்துலேருந்து நேரா வந்திருக்கேன், எம் பொண்டாட்டிகூட இவ்ளோ கிட்ட உக்கார மாட்டா."

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவனை நிலவறைக்கு அழைத்துப்போனாள். காஸ்பர் ஒவ்வொரு தொட்டியாக மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவள் அடைப்பைத் திறந்துவிட்டாள். வசந்தத்துக்கென்று காய்ச்சிய பீரெல்லாம் நுரைத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கியது. கடைசித் தொட்டியில் இருந்தது கறுப்பு பீர்.

"இது நல்லாருக்கு."

"நல்லான்னா?"

"பீர் மாதிரி இருக்கு."

"ரொட்டி ஓரம் தீஞ்ச மாதிரி வருதா? அடியில கொஞ்சம் தேன்?"

"வருதுன்னுதான் நெனக்கிறேன்." காஸ்பர் தலையைச் சொறிந்தான். "எனக்கு அவ்ளோதாம்மா சொல்லத் தெரியும்."

ஆல்பனாக இருந்தால் இதற்கே மதியம்வரை வாதாடியிருப்பான்.

இனி ஒவ்வொரு தடவை பீர் காய்ச்சும்போதும் வந்து மோந்து பார்த்துச் சொல்வதாகக் காஸ்பர் வாக்குக் கொடுத்தான். மாடுகள் கத்துமே என்று அவசரமாகப் படியேறினான். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்காகவே காத்திருந்தவள்போல ரோஸ்விதா கறுப்பு பீரின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்தாள். மூக்கில் குளிர்தான் ஏறியது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.