அண்ணன் கை தேய்த்த இடம்

1

எழுதமாட்டேன் என்று என் தங்கையிடம் சத்தியம் செய்துவிட்டு எழுதும் கதை இது. முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாலு பத்தி போனதும் நான் நல்லவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன், நீங்களும் நம்பித் தொலைப்பீர்கள்.

என் தங்கை எலக்ட்ரிக் கிட்டார்களைப் பழசாக்குகிறாள். அதுதான் அவள் தொழில். புத்தம்புதுக் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தால், முப்பது வருடம் மேடை மேடையாக அடிபட்டு வந்தது மாதிரி ஆக்கித் தருவாள். பெயின்டைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து மயிரிழை வெடிப்பு விடுவாள். சாவிக்கொத்தால் விளிம்பில் தட்டுவாள். ஸ்க்ரூக்களை வினிகர் டப்பாவுக்குள் தொங்கவிட்டுத் துருப்பிடிக்க வைப்பாள். முதுகில் பெல்ட் பக்கிள் உரசிய கீறல்கள் போடுவாள். முன்னங்கை படும் மேல்விளிம்பில் பெயின்ட் போய் மரம் தெரியும்வரை உப்புத்தாள் போடுவாள். கடைசியாக, ஈரத்துணி சுற்றிய தன் கையாலேயே மணிக்கணக்கில் தேய்ப்பாள். கை தேய்த்த மாதிரி தெரிய வேண்டுமானால் கைதான் தேய்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

புதுசைக் கெடுத்துக் கொடு என்று எவனாவது கேட்பானா என்கிறீர்கள். வரிசையில் நிற்கிறார்கள். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸைக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்குகிற வீட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்காதீர்கள்.

2

தொடக்கங்களைக் காட்டிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதல் தொடக்கம்: "பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு—" யாரோ என்ன யாரோ? என் தங்கைதான். போலி மர்மம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "காலம் எல்லாவற்றையும் தேய்க்கிறது. ஆனால் காலத்துக்கே கூலிக்கு ஆள் வைத்தால்—" இதை எழுதியவனை நிற்கவைத்து நாலு சாத்து சாத்த வேண்டும்.

மூன்றாவது: "அவள் கோபத்தில் இருந்தாள்." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். தங்கை பத்து நாள் துணைக்கு இருந்துவிட்டு ஒரு வியாழக்கிழமை காலை பட்டறைக்குத் திரும்பினாள். பட்டறை அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பொது. மாப்பிள்ளை என்றால் அவள் கணவர். ஒயர், சத்தம், உள்வேலை எல்லாம் அவர் பாடு. பெயின்டும் பழசாக்குவதும் இவள் பாடு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக்கூடாது என்பது கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தம். மனிதர் அதை மீறியிருந்தார். ஒரு வாடிக்கையாளரின் நீலக் கிட்டாரைத் தானே பழசாக்க ஆரம்பித்துவிட்டதாக முந்தின நாள் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார். இவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் வந்தபோது மாப்பிள்ளை சாமான் வாங்க வெளியே போயிருந்தார். மேஜையில் ஒரு நீலக் கிட்டார் இருந்தது. தேய்மானம் மகா கண்றாவியாக இருந்தது. முன்னங்கை பட வேண்டிய மேல்விளிம்பில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கிறது. ஆனால் அடிப்பக்கம், தோள்வாரை மாட்டும் குமிழுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிகிறது. அங்கே கை வைத்து எவன் வாசிப்பான்?

(இந்த இடத்தில் அவள் மாப்பிள்ளையைத் திட்டியதை மூன்று வரி எழுதியிருந்தேன். குடும்ப மானம் கருதி எடுத்துவிட்டேன்.)

திருத்த ஆரம்பித்தாள். குமிழுக்குப் பக்கத்தில் இருந்த மரத்தை நன்றாகத் தேய்த்துச் சுத்தமாக்கி, நீலம் கலந்து அடித்து, விளக்குச் சூட்டில் காயவைத்தாள். அது காயும் நேரத்தில் மேல்விளிம்பைச் சுரண்டி, முன்னங்கை படுகிற இடத்தில் அழகான தேய்மானம் உண்டாக்கினாள். நாலு மணி நேரம். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

மாப்பிள்ளை மத்தியானம் வந்தார். மேஜையைப் பார்த்தார். கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது டீச்சரோடது. நான் பண்ண நீலம் உள் ரூம்ல காயுது."

3

விளக்கம். (அடிக்குறிப்பாக வைத்திருக்கலாம். ஆனால் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. நானே படிப்பதில்லை.)

டீச்சர் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவர். அந்தக் கிட்டார் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒயர் சொருகும் ஓட்டை தளர்ந்து சத்தம் விட்டு விட்டு வருகிறது, அதை மட்டும் சரிசெய்தால் போதும் என்று, தங்கை ஊரில் இல்லாத நேரத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அண்ணனுக்குச் சின்ன வயதில் வலது முழங்கை உடைந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கை சரியாக மடங்காது. அதனால் மற்றவர்கள் போல மேலே இருந்து கையைப் போடாமல், பின்னால் குமிழ்ப்பக்கம் இருந்து கொண்டுவந்து வாசிப்பாராம். அந்தக் கை இருபத்தைந்து வருடம் தேய்த்த இடம்தான் அது.

இந்தக் கதையை ஏற்கனவே ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தனை வருட அனுபவம் உள்ளவளுக்கு அசல் தேய்மானமும் செய்த தேய்மானமும் வித்தியாசம் தெரியாதா என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் தங்கையிடம் அதையே கேட்டேன்.

"அசல்னா எப்படி இருக்கும்னு எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும்ணா," என்றாள். "அது அப்படி இல்ல. அதான் தப்புன்னு நெனச்சுட்டேன்."

ஆசிரியரைத் திருப்திப்படுத்த ஒரு பிரதியில் அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதிப் பார்த்தேன். இன்னொன்றில் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாள். இரண்டும் நம்பும்படியாக இருந்தன. கிழித்துப் போட்டேன்.

4

டீச்சர் சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். இருப்பது ஒன்றரை நாள்.

எந்தக் கருவி வந்தாலும் உள்ளே எடுக்குமுன் எட்டுப் பக்கமும் படம் எடுத்து வைப்பது மாப்பிள்ளையின் வழக்கம். பிற்பாடு யாரும் வந்து இந்தக் கீறல் நீங்கள் போட்டதுதான் என்று சண்டை பிடிக்கக்கூடாதில்லையா? எட்டுப் படமும் இருந்தன. அவற்றைப் பார்த்து அண்ணன் கையை அச்சு அசலாகத் திரும்பச் செய்ய என் தங்கையால் முடியும். டீச்சர் என்ன, அந்த அண்ணனே எழுந்து வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மேல்விளிம்பை மூடிவிடலாம். குமிழ்ப்பக்கம் அடித்த நீலத்தைச் சுரண்டலாம். ஆனால் அடியில் இருந்த பழைய வியர்வைக் கறை இனி கிடையாது. பெயின்ட் பிடிக்க வேண்டும் என்று அதையும் தேய்த்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. தங்கையும் கடைசியில் சரி என்றாள். எப்படிச் சொல்வது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை. அதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். நான்தானே குடும்பத்தில் எழுதுகிறவன்.

மறைக்கமாட்டேன், அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மேஜையில் நீலக் கிட்டார் கிடந்தது. இருவரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சர், ஒரு சின்னத் தவறு நடந்து—"

சின்னதா?

"டீச்சர், எங்கள் கவனக்குறைவால் தங்கள் கிட்டாரின் தோற்றத்தில் சிறு—"

மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருந்தது.

"டீச்சர், உங்கள் அண்ணனின் கையை நாங்கள்—"

இதற்குமேல் பேனா நகரவில்லை. முப்பது வருடமாக எழுதிக் கிழித்தவன், ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கை ஒரு தடவை, "வருதாண்ணா?" என்று கேட்டாள். வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் நியாயம் பேசினேன். சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? பாவம் அந்த அம்மாள், எதற்கு அவர் மனதைப் புண்படுத்த வேண்டும்? நன்றாகத்தான் பேசினேன். கேட்டால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

"சொல்ல வேணாம்," என்றேன். "செஞ்சுடு."

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ரூமுக்குப் போனார். அவள் உப்புத்தாளை எடுத்தாள்.

5

சனிக்கிழமை. நானும் ஆஜர். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள், போகாமல் இருக்க முடியவில்லை.

டீச்சர் ஒல்லியான மனுஷி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை வெளியே தலைகாட்டவில்லை. தங்கை கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் கட்டைவிரல் குமிழ்ப்பக்கத்தை மறைத்துக்கொண்டே இருந்தது. நான் கவனித்தேன். டீச்சர் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டு, விரலை நேராக அங்கேதான் கொண்டுபோனார்.

"தொறந்து வேலை பாத்தீங்களே, இந்த எடத்துல ஒண்ணும் ஆகலையே?"

தங்கை வாயைத் திறந்தாள். அவள் சொல்லியிருப்பாள். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் இல்லை. உதடு பிரிந்து, "டீச்சர்" என்பதில் முதல் எழுத்து வந்துவிட்டது.

நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆகல டீச்சர். அப்படியேதான் இருக்கு."

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீங்க கதை எழுதறவர்தானே? உங்க கதைங்க ஒண்ணு விடாம படிச்சிருவேன்," என்றார். அப்புறம், "நீங்க சொன்னா சரி," என்றார்.

பிறகு தன் முன்னங்கையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் ஞாபகம் தாங்கலேன்னா இப்படி எடுத்து வெச்சுக்குவேன். அவன் கை இருந்த எடத்துல என் கை. அவ்வளவுதான்."

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் டீச்சருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. அவருக்கு நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. திருப்பி அனுப்பிய அதே ஆசிரியருக்கு இது பிடிக்கும்.

இன்னொன்றில் டீச்சருக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டறைக்கு வந்து கத்துகிறார் என்று எழுத நினைத்தேன். எவ்வளவு முயன்றும் அவரைக் கத்தவைக்க முடியவில்லை. என் காகிதத்தில் அவர் கிட்டாரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எழுந்து—

மூன்றாவதில் தங்கை தானே பள்ளிக்கூடம் போய் உண்மையைச் சொல்கிறாள். மூன்றில் இதுதான் நன்றாக வந்தது. ஆனால் இது பொய். இரண்டு தடவை பள்ளிக்கூடத் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். மாப்பிள்ளை சொன்னார்.

நடந்தது என்னவென்றால், இந்த மூன்று மாதமாக அவள் ஒரு கிட்டாரைக்கூடப் பழசாக்கவில்லை. வேலை வருகிறது, வாங்கி வைக்கிறாள். உப்புத்தாளைக் கையில் எடுக்கிறாள், கீழே வைக்கிறாள். என்னோடு பேசுகிறாள். உங்கள் தங்கை உங்களிடம் பேசுவது மாதிரி இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி. எழுதாதே என்று சத்தியம் வாங்கியதுகூட அந்தக் குரலில்தான்.

7

டீச்சர், ஒன்று விடாமல் படிப்பேன் என்றீர்கள். அப்படியானால் இதுவும் உங்கள் கண்ணில் படும். கதைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல நிறத்தை மாற்றவில்லை, உங்கள் வேலையை மாற்றவில்லை, கையையும் மாற்றவில்லை. மாற்றினால் வேறு யாரையோ பற்றியது என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

அன்று ரசீதுப் புத்தகத்தில் எனக்கு வராத வாக்கியம் இதுதான்: உங்கள் அண்ணன் கை தேய்த்த இடம் இப்போது அந்தக் கிட்டாரில் இல்லை. என் தங்கை தெரியாமல் அழித்துவிட்டாள். நீங்கள் கை வைப்பது அவள் கை தேய்த்த இடத்தில். தெரிந்தே மறைக்கச் சொன்னவன் நான்.

பழைய இடத்தின் எட்டுப் படமும் மாப்பிள்ளையிடம் இருக்கின்றன, கேட்டால் கொடுப்பார். பட்டறை காலை பத்து மணிக்குத் திறக்கும். இது அச்சாகிறது என்று என் தங்கைக்குத் தெரியாது. நீங்கள் வாசலில் வந்து நின்றால்தான் தெரியும்.

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் முடிவு எதுவும் இல்லை. அது டீச்சருடையது, அவர் வராமலும் இருக்கலாம்.

வந்தால், டீச்சர், கேட்ட அதே கேள்வியை அவளிடம் இன்னொரு தடவை கேளுங்கள். நானும் அங்கே இருப்பேன். இந்தத் தடவை வாயைத் திறக்கமாட்டேன்.