ராகுகாலத்தில் வெளியேறுவது

அன்று வியாழக்கிழமை என்றுதான் நினைக்கிறேன். அக்கா செவ்வாய் என்கிறாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ராகுகாலம் தொடங்கியது நினைவிருப்பதால் வியாழனாக இருக்கலாம். ஆனால் படித்ததும் நடந்ததும் என் தலைக்குள் கலந்துபோவது வழக்கம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அக்கா சந்திரலேகாவின் கணவர் அறிவழகன் மாமாவுக்குக் கடலூர் செம்மண்டலத்தில் வீடு. முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். டாலர் விலையைப் பார்த்துப் பார்த்து, வேலையை விட்ட பிறகு டாலரையே வாங்கி விற்கத் தொடங்கினார். நான் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இருவரும் கம்ப்யூட்டர் திரையில் டாலர் விலை ஏறி இறங்கும் கோட்டைப் பார்ப்போம். மணிக்கணக்கில் பேச மாட்டோம். வேறு யாரோடும் எனக்கு அப்படி உட்கார வாய்த்ததில்லை.

நாங்கள் தேடியது ஒரே ஒரு வடிவத்தை. விலை ஒரே மட்டத்துக்கு இரண்டு முறை இறங்கி எழும். பார்க்க டபிள்யூ எழுத்துப் போலிருக்கும். நடுவிலுள்ள மேட்டைத் தாண்டினால் வாங்க வேண்டும். முதலில் தாண்டியவுடன் பாய்ந்து வாங்கி அடிபட்டோம். ஒருநாள் அது ராகுகாலத்தில் தாண்டியது. மாமா கையைக் கட்டிக்கொண்டார். ராகுகாலம் முடிவதற்குள் விலை திரும்பி வந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறியது. பழைய விலைப் படங்களைப் புரட்டிப் பார்த்தேன். பல இடங்களில் அப்படித்தான் நடந்திருந்தது. அன்றிலிருந்து, தொட்டுத் திரும்பினால்தான் வாங்குவோம்.

நுழைவது சரியாயிற்று. வெளியேறுவதுதான் சிக்கல். விலை இரண்டாவது பள்ளத்துக்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்பது விதி. மாமா ராகுகாலத்தில் விற்கவும் மாட்டார்.

“முடிக்கிறதுக்கு எதுக்கு மாமா ராகுகாலம்?”

“வெளிய வர்றதும் ஒரு கெளம்பறதுதான் மச்சான். அந்த நேரத்துல நீ வீட்ட விட்டுக் கெளம்புவியா?”

இப்படியே இரண்டு முறை பெரிதாக அடி விழுந்தது. அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவ ராகுகாலம்னு உக்காந்து நஷ்டத்த வேடிக்க பாத்தீங்கன்னா அந்த டாலர் அக்கவுண்ட மூடிடணும். இவனும் சிதம்பரத்துலயே புக்கு படிச்சிக்கிட்டுக் கெடக்கட்டும்.”

மாமா தலையாட்டினார்.

அந்த வியாழனன்று காலையிலேயே வாங்கியிருந்தோம். மதியத்துக்கு முன் அக்கா தன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்ரீமதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“எங்கக்கா?”

“சிதம்பரத்துல வளைகாப்புடா. பஸ்ஸு ராகுகாலத்துல வருது. நல்ல நேரத்துல பைய வெளிய வெச்சாச்சு, பை கெளம்பிடுச்சு. நான் பின்னாடியே போனா தப்பில்ல.”

நான் மாமா பக்கம் திரும்பிக் கேட்டேன்: “மாமா, விக்கிற ஆர்டர இப்பவே போட்டு வெச்சா? வெல அங்க வந்தா அதுவா வித்துடும்.”

அவர் என்னைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு பள்ளத்துக்குச் சற்றுக் கீழே நஷ்டத்தை நிறுத்த ஒரு ஆர்டர், மேட்டுக்கு மேலே அதே டபிள்யூவின் உயரம் அளவுக்கு ஏறினால் லாபத்தில் விற்க ஒரு ஆர்டர் என இரண்டையும் போட்டார்.

சாப்பிட்டு வந்தபோது விலை இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தை நெருங்க நெருங்க மாமாவின் கை மவுஸுக்குப் போனது.

“எடுத்துரட்டுமா மச்சான்? திரும்பிடும்போலத் தோணுது.”

“ஆர்டர எடுக்கிறதும் புதுசா ஒண்ணு பண்றதுதானே மாமா. ராகுகாலம்.”

கை நின்றது. “படிச்சவன் புத்தி!” என்று முறைத்தார். ஆர்டர் தானாக நிறைவேறியது. சின்ன அடிதான். அதற்குப் பிறகு விலை சரசரவென்று கீழே போயிற்று.

மாமா சிரித்த சிரிப்பில் அக்கா புடவை மடிப்பைப் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

“லாபமா?”

“நஷ்டம்.”

“அதுக்கா சிரிக்கிறீங்க?”

நடந்ததைச் சொன்னேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, அக்கவுண்டு இருந்துட்டுப் போவட்டும்,” என்றாள். பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நாங்கள் மறுபடி பேசாமல் உட்கார்ந்தோம்.

ஏற்றுமதி இறக்குமதி போன்ற தேவை உள்ளவர்கள்தான் டாலர் வாங்கி விற்கலாம் என்று புது விதிமுறை வந்த பிறகு டாலரை விட்டுவிட்டோம். மாமா இப்போது பங்குகளில் அதே வடிவத்தைத் தேடுகிறார். வாங்கும்போதே வெளியேறும் ஆர்டரையும் போட்டுவிடுகிறார். அக்காவுக்கு மூட்டுவலி, மற்றபடி சுகம். ஸ்ரீமதி குடும்பம் புதுச்சேரிக்குப் போய்விட்டது. நான் சிதம்பரத்திலேயே இருக்கிறேன், வாரத்தில் ஓரிரு நாள் செம்மண்டலம் போய்வருகிறேன்.