பிணமில்லாச் சங்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கொலைக் கதையாகத்தான் தொடங்கினேன். முதல் வரி இதுதான்:

'விடிந்தும் விடியாத நேரம். சாவுச் சங்கு ஊதியது.'

நல்ல வரி. படிக்கிறவர் காப்பியை ஆறவிட்டுவிடுவார். ஆனால் சத்தம் வந்த திசையில் போய்ப் பார்த்தால் பிணம் இல்லை. நெல் குத்தும் மில் ஒன்று இருக்கிறது. வருடம் 1934. இடம், நாஞ்சில் நாட்டில் ஒரு பெரிய நகரம். (எந்த நகரம் என்று தேட வேண்டாம். சுசீந்திரத்துக்கு மேற்கே கொஞ்சம் வயலை ஒதுக்கி நானே கட்டியது. கதை முடிந்ததும் வயலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.)

2

கொலைகாரனாக நான் நினைத்திருந்தவர் சிவதாணு, நகரசபையின் தொழில் அதிகாரி. முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். அந்த மீசையோடும் அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் தொழில் தொடங்கச் சொல்லிக் கெஞ்சினார். கொலைகாரன் கெஞ்சுவானா? மீசையை எடுத்துவிட்டேன்.

அவருக்கு வேலை இரண்டு: தொழிலை வளர்ப்பது, வளர்ந்ததைக் கட்டுப்படுத்துவது. காலையில் உரம் போடுவார். மத்தியானம் அரிவாளோடு வருவார்.

அவர் பேச்சைக் கேட்டு, வயலை விற்று, எண்ணெய் எஞ்சின் வாங்கி மில் வைத்த பெண்மணி ஜெபகனி. மில் திறந்த கையோடு சிவதாணு ஒரு விதியையும் கொண்டுவந்தார். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஆலையில் சங்கு ஊத வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. நியாயமான விதிதான். இருட்டிய பிறகும் ஆட்களைப் பிடித்துவைத்து யாரும் வேலை வாங்க முடியாது.

வடக்கே பஞ்சாலைகளில், ஆவியால் கூவும் குழலைத்தான் சங்கு என்பார்கள். சிவதாணு அதைக் கேள்விப்பட்டதோடு சரி. ஜெபகனி அதுகூட இல்லை. அவருக்குத் தெரிந்த சங்கு ஒன்றே ஒன்றுதான். சாவு வீடுகளில் ஊதும் பகவதியப்பனை அழைத்துவந்து வாசலில் நிறுத்தினார்.

3

ஊதியதும் தெருவே திரண்டு வந்தது. சிலர் கையில் கோடித் துணி. ஒருவர் அழுதுகொண்டே வந்தார். யாருக்கென்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று.

நெல் வண்டிகள் பாதி வழியிலேயே திரும்பின. சாவுச் சங்கு கேட்ட அரிசியையா பொங்கிப் பிள்ளைகளுக்குப் போடுவது? ஜெபகனி சங்கை நிறுத்தினார். நெல் வந்தது. பின்னாலேயே பூட்டோடு சிவதாணுவும் வந்தார்.

[இந்த இடத்தில் இருவருக்கும் நடுவே ஒரு காதல் மலர வேண்டாம். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.]

4

"சாரே, மில்லு வையின்னு எனக்க வீட்டுக்கு நடையா நடந்தது ஆரு?"

"நான்தான்."

"இப்பம் பூட்டோட வந்து நிக்கது?"

"அதும் நான்தான் அம்மா."

"ஊதினா நெல்லு வராது. ஊதலேன்னா மில்லு இருக்காது. வயலும் போச்சு. இனி நான் என்ன செய்யணும்னு அந்த ரெண்டு பேருமாச் சேந்து சொல்லுங்க."

கோயிலில் ஊதுவதுபோல மங்களமாக ஊதினால் என்ன என்று சிவதாணு பகவதியப்பனைக் கேட்டார்.

"எனக்கு ஒரு ஊத்துதான் தெரியும் சாரே. ஆருக்கு ஊதினேனோ, அவிய ஒருத்தரும் இதுவரை குறை சொன்னதில்ல."

ஆலைச் சங்கு என்பது இது அல்ல என்றார் சிவதாணு. பின்னே எது என்றார் ஜெபகனி. வேறு வழியில்லாமல் சிவதாணு வாயைக் குவித்து, "ஊஊஊ..." என்று கூவிக் காட்டினார்.

உள்ளே புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று வரிசையாக வெளியே வந்தார்கள்.

ஜெபகனி அவர்களையும் பார்த்தார், சிவதாணுவையும் பார்த்தார். "எஞ்சின் சத்தத்திலயும் இது கேக்குதே சாரே. நாளையிலருந்து நீங்களே வந்திருங்க."

5

முடிவு ஒன்று: சிவதாணு இரண்டு வேளையும் வந்து கூவுகிறார். மில் பிழைக்கிறது. அதைப் பார்த்து நகரத்தில் பத்து மில்கள் முளைக்கின்றன. தொழில் வளர வளர அவர் தொண்டை... (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: விதியை ரத்து செய்கிறார். அந்தப் பெண்கள் இருட்டிய பிறகும்... இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு மூன்று: பூட்டு. வேண்டாம். விற்ற வயலை ஜெபகனிக்கு யார் திருப்பித் தருவது?

சிவதாணு அங்கேயே நிற்கிறார். கையில் பூட்டு, வாய் இன்னும் குவிந்தபடி. வாசலில் வண்டிகள். முதல் வரியிலிருந்தே நான் உங்களுக்கு ஒரு பிணம் தர வேண்டியிருக்கிறது. அது மில்லா, விதியா, சிவதாணுவின் தொண்டையா?

பகவதியப்பன் துண்டால் சங்கைத் துடைத்து உங்கள் பக்கம் நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளுங்கள். எதற்காக ஊதுகிறீர்களோ, இந்தக் கதையில் செத்தது அதுதான்.