நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை

ஆறேகாலுக்கு எழுந்தான். பல் துலக்கினான், பால் காய்ச்சினான், இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றினான். ஏழு மணிக்கு, இறந்து நான்கு மாதமான மனைவியின் மடிக்கணினியைத் திறந்து மவுஸை அசைத்தான். அவள் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி விழுந்தது. நாற்காலி மெத்தை அமுங்கியது. விசைகள் தாமாகவே இறங்கி ஏறின. பார்சல் தொலைந்தவர்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு. ஐந்து நிமிடம் அசைவில்லாவிட்டால் புள்ளி மஞ்சளாகும், மேலாளருக்குத் தகவல் போகும். அவள் எழுந்து போனால் மவுஸை அசைப்பது கல்யாணமான நாளிலிருந்தே அவன் பொறுப்பு. இப்போது நாள் முழுக்க அவன்தான். இறந்தவர் தட்டுவதை மென்பொருள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அலுவலகத்துக்கு மரணச் செய்தி சொல்லாமல் இல்லை. பச்சை எரியும் ஊழியரை இறந்தவராகப் பதிய வழியில்லை என்று பதில் வந்தது. இரண்டாம் மாதம் ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டான். மஞ்சளானது, மெத்தை மேலெழும்பியது. அவள் திரும்பிவர மூன்று நாள் பிடித்தது. அதுவரை விடுப்பில் இருந்தவன் தன் வேலையையே விட்டுவிட்டான். குளியலையும் நான்கு நிமிடத்துக்குள் முடித்தான்.

பார்க்க வந்த மாமியார் வாசற்படியிலேயே நின்றார்.

"உயிரோட இருந்தப்பவே அவளுக்கு ஒரு நாள் லீவு கெடைக்கல மாப்பிள்ளை. இப்பவாவது சும்மா உட்கார விடுங்க."

"உட்கார்ந்துதான் இருக்கா அத்தை."

"நீங்களுந்தான்."

அந்த வாரம் அறிவிப்பு வந்தது: திங்கள் முதல் மணிக்கு ஒருமுறை கேமரா முகத்தைச் சரிபார்க்கும், பொருந்தாவிட்டால் கணக்கு மூடப்படும். அவள் புகைப்படத்தைப் பிடித்துப் பழகினான். மறு கை மவுஸில் இருந்ததால் படம் நேராக நிற்கவில்லை. திங்கள் பத்து மணிக்குக் கேமரா விளக்கு எரிந்தபோது படம் கைநழுவி மேசைக்கடியில் விழுந்தது. கேமரா காலி நாற்காலியைப் பார்த்தது. 'முகம் பொருந்தியது. சோர்வாகத் தெரிகிறீர்கள். தண்ணீர் குடியுங்கள்.'

மறுபடி வந்திருந்த மாமியார் இம்முறை உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அரை மணியில் பாதி குறைந்தது. மறுநாள் செம்பாகவே கொண்டுவந்தார்.

அவன் மவுஸை அசைத்தான். அவள் இறந்த அன்றும் அசைத்துக்கொண்டுதான் இருந்தான், நாற்பது நிமிடம். பிறகுதான் குளியலறைக் கதவைத் தட்டினான். பதினொரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, தலை வலிக்கிறது, முகம் கழுவி வருகிறேன் என்று எழுந்தவள், கதவருகே திரும்பிச் சொன்னது இவ்வளவுதான்:

"அஞ்சே நிமிஷம். மஞ்சளாக விட்டுடாதீங்க, வந்துடறேன்."