மகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை

மலேசியாவில், லிங்கி ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், முருகன் கோயில் தலைவர் திருநாவுக்கரசுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று தலைவர் பதவி. அது தேர்தலில் வந்தது, போட்டியிட ஆளில்லை. இன்னொன்று மகம் நட்சத்திரம். அது பிறவியில் வந்தது, அதற்கும் போட்டியில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதே, "திருநாவுக்கரசு, சிம்ம ராசி, மகம் நட்சத்திரம்" என்று வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனுக்கும் கேட்கும்படி சொல்வார்.

அடுத்த வாரம் அவருக்கு மணிவிழா. பந்தல், மேளம், மாலை எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாகக் கோயில் படி ஏறினால் நெஞ்சின் இடப்பக்கம் பிடிக்கிறது. கிளினிக் டாக்டர், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்லிவிட்டார்.

"வெறும் வாயு லா," என்றார் மனைவி பராசக்தியிடம். "ஓமத்தண்ணி குடிச்சா போயிரும். மாலை போடப் போற நேரத்துல ஆஸ்பத்திரிச் சட்டையா போடச் சொல்றே?"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அவருடைய அப்பா திரும்பி வரவில்லை. அதனால் மகன் போவதாக இல்லை. இதைப் பராசக்தி அறிவாள். அறிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் செயலாளர் குணாளன் சேதி கொண்டுவந்தான்.

"தலைவரே, சிம்மத்துல ஒரு நட்சத்திரம் வெடிச்சிருச்சாம். நம்ம லோரி ஆறுமுகம் மவ மோகனா அதைத்தான் ஆராய்ச்சி பண்ணுதாம்."

"சிம்மத்துலயா? எந்த நட்சத்திரம்?"

"பேரு தெரியல. பெருசாம்." குணாளன் முகத்தில் அனுதாபம் இருந்தது. கண் தலைவர் நாற்காலியில் இருந்தது.

மோகனா கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் வானியல் ஆய்வாளர். லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். நேரில் போய்க் கேட்டால் தலைவரின் பயம் தெரிந்துவிடும். விழா எடுத்தால் பெருந்தன்மை தெரியும். ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. 'நட்சத்திரத்தை வெடிக்க வைத்த தோட்டத்து மகளே வருக!' என்றது பேனர். அதில் மோகனாவின் முகம் பப்படம் அளவு. தலைவர் முகம் தாம்பாளம் அளவு.

மோகனா பேனரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நான் வெடிக்க வைக்கல. வெடிச்சதைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

சிரிப்பு அடங்குமுன் தலைவர் மைக்கைப் பிடித்தார். "பொதுமக்கள் சார்பாக ஒரு வினா. வெடித்தது... மகமா?" மக்களுக்கு அப்படியொரு வினா இருந்தது மக்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஐயோ, இல்ல மாமா. மகத்துக்கு ஒண்ணும் ஆகல. இது அந்தத் திசையிலேயே, எங்கேயோ பின்னால, கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி வேற நட்சத்திரக் கூட்டத்துல."

தலைவர் முதல் ஆளாகக் கைதட்டினார். குணாளன் கடைசி ஆளாக.

திரையில் நான்கு படங்கள் வந்தன. நான்கும் ஒரே வெடிப்பு.

"இது கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துல எடுத்தது. பளிச்சுன்னு ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில பார்த்தா எவ்வளவு கொதிக்குதுன்னு தெரியும். அகச்சிவப்புல பார்த்தா தூசி தெரியும். ரேடியோவுல பார்த்தா, வெடிக்கிறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னே தெரியும்."

"என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?" என்றாள் பராசக்தி.

"வாயுவை வெளியே விட்டுக்கிட்டே இருந்திருக்கு, அத்தை. பல வருஷமா. வெடிப்பு வந்து அந்த வாயு மேலதான் மோதுது."

நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த தலைவரின் கை நின்றது.

"வாயுவா?"

"வாயுதான் மாமா."

"பார்க்கிறவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்காதா?"

"வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு மினுக்கிக்கிட்டு இருந்திருக்கும்."

"யாராச்சும் ஓமத்தண்ணி குடுத்திருக்கலாம்," என்றாள் பராசக்தி, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி. முன்வரிசை சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

பொன்னாடை போர்த்தும்போது மோகனாவின் காதருகே குனிந்தார். குரலில் தலைவர் இல்லை. "ஏம்மா, முன்னாடியே அந்த எக்ஸ்ரே கிக்ஸ்ரேயெல்லாம் எடுத்துப் பார்த்திருந்தா, காப்பாத்தியிருக்கலாமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சுக்குப் போன கையையும் பார்த்தாள்.

"நட்சத்திரத்துக்கு ஆஸ்பத்திரி இல்லையே மாமா," என்றாள் மெதுவாக.

மறுநாள் காலை சிரம்பான் ஆஸ்பத்திரி கவுண்டரில், தலையைச் சுற்றித் தூடோங் துணி போட்ட சின்ன மலாய்ப் பெண் "நாமா?" என்று பெயர் கேட்டாள். அவர் நிமிர்ந்து நின்றார். சன்னதி முன் நின்ற பழக்கம் வாயில் வந்தது.

"திருநாவுக்கரசு, சிம்ம ராசி, மகம் நட்சத்திரம்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஐசி, பக்சிக்?" என்று மலாயில் மாமா முறை வைத்துக் கேட்டாள் அந்தப் பெண். பராசக்தி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மார்பில் ஒயர் ஒட்டினார்கள். குளிர்ந்த களிம்பைத் தடவி ஏதோ கருவியை உருட்டினார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், அடைப்பு இருக்கிறது, இங்கேயே சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டிலில், பச்சைச் சட்டையில், தலைவர் சின்னதாகத் தெரிந்தார்.

"மணிவிழா? பந்தலுக்கெல்லாம் சொல்லியாச்சே. குணாளன் என்ன பேசுவான்?"

பராசக்தி அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மகம் அடுத்த மாசமும் வரும். நீங்க இருங்க."