றொசல்லையைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

கோகுலராஜுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் என்னதான் இருக்கிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் இதழியல் வகுப்பில் ஆளுக்கொரு பேராசிரியரைப் பேட்டி கண்டு, அவரைப் பற்றி மாணவர் இணையத்தளத்தில் எழுத வேண்டும். நான் மண்ணியல் பேராசிரியர் சண்முகராஜாவைப் பிடித்தேன். எங்கள் மலையகத்து ஆள், றொசல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். "வெயில் கொளுத்தினாலும் சுவெட்டரைக் கழற்றாத மனிதர் இவர்" என்று ஆரம்பித்திருந்தேன். நன்றாகத்தானே இருக்கிறது?

தளத்துக்கு ஆசிரியன் கோகுலராஜ். அவன் அந்த வரியை வெட்டிவிட்டான். அவனுடைய அப்பாவுக்கு ஹட்டன் பஜாரில் அச்சகம். கலியாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். அதையே பார்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? "றொசல்லையைப் பிறப்பிடமாகவும் கண்டியை வதிவிடமாகவும் கொண்ட பேராசிரியர் சண்முகராஜா அவர்கள்" என்று மரண அறிவித்தல் போலவே தொடங்கிவிட்டது. மரியாதையாக இருக்கட்டுமாம். படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, "க்ளாஸா இருக்குல்ல?" என்கிறான்.

காலையில் பதிவு ஏறியது. யாரோ அதைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அங்கே தெரிந்தது படமும் அந்த முதல் வரியும்தான். உள்ளே போய்ப் படிக்க யாருக்குப் பொறுமை? சற்று நேரத்தில் எங்கள் பதிவுக்குக் கீழே "ஆழ்ந்த அனுதாபங்கள்", "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று வந்து குவிந்தன.

"அட நாசமாப் போறவனே! உசுரோட இருக்க மனுசனுக்குக் கருமாதி பண்ணிட்டியேடா!" என்று அவனை இழுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்கு ஓடினேன். பதிவை அங்கேயே அழித்தோம். தவறு நடந்துவிட்டதென்று ஓர் அறிவிப்பும் போட்டோம்.

அவர் சிரித்தார். "விடுங்க பிள்ள. செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னுதான் சொல்லுவாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா பாத்திருப்பாங்களா?"

அவருடைய அக்கா நாகலெட்சுமி அதே லயத்தில் தனியாக இருக்கிறார். அம்மா இறந்தபோது இவர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டில் இருந்தார், கொள்ளி வைக்க வரவில்லை. பக்கத்துக் காம்பிராவில், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்தான் வைத்தார். அன்றைக்கு அக்கா மூடிய கதவு இன்னும் திறக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி இவர் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவாராம். பேட்டியில் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை, பேனாவை வைத்துவிட்டேன்.

போன் அடித்துப் பார்த்தார். அக்கா எடுக்கவில்லை.

"அழுதுகிட்டு இருப்பாங்க," என்றார். "இன்னைக்கு நா உசுரோட போயி நின்னா கட்டாயம் தொறந்துருவாங்க. இல்லையா?" அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. இல்லை என்று யார் சொல்வது?

அப்போது கோகுலராஜ் தன் போனைப் பார்த்து முழித்தான். அழகன் என்ற ஆட்டோக்காரர் அறிவிப்புக்குக் கீழே எழுதியிருந்தார். "யாரு இந்தப் பொய்ய கிளப்பிவிட்டது? சேர் இப்பதான் றொசல்ல ஸ்டேசன்ல எறங்கி மேல போறாரு. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல."

பேராசிரியரோ எங்கள் முன்னால் உட்கார்ந்து சப்பாத்துக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். "வேற யாரையாச்சும் பாத்திருப்பான்," என்றார். அவரைத் தனியே அனுப்ப மனம் வராமல் நானும் ரயிலேறினேன்.

றொசல்லையில் இறங்கும்போது மலையே தெரியாமல் மூடுபனி. லயத்துக்குப் போகும் பாதை நெடுக, சாவு வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். அவர் ஒரு கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த அம்மா ஒருவர் சட்டென்று நின்றார். "காளியாயி அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார் பேராசிரியர்.

"சேர்... காலையில மேல போனீங்களே. எப்ப எறங்குனீங்க?"

"இப்பத்தாம்மா வர்றோம்," என்றேன் நான்.

காளியாயி அவருடைய கால்களைக் குனிந்து பார்த்தார். இரண்டு காலும் தரையில்தான் இருந்தன. அப்படியும் அந்த அம்மா பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கித்தான் போனார். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

லயத்தின் கடைசிக் காம்பிரா. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரொட்டி சுடும் வாசனை. நாகலெட்சுமி சிரித்துச் சிரித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியரின் கண் நிறைந்துவிட்டது. "அக்கா சிரிக்கிறாங்க," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அம்மா போனதுக்கப்புறம் இந்தச் சிரிப்ப நா கேக்கவே இல்ல."

கதவைத் தட்டினார். சிரிப்பு நின்றது.

"யாரு?"

"நாந்தான் அக்கா. சண்முகம். எனக்கு ஒன்னும் ஆகல அக்கா. கதவத் தொறங்க."

உள்ளே காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு நாகலெட்சுமியின் குரல் கதவுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அதில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

"என் தம்பி காலையிலயே வந்துட்டான். உள்ள சாப்புட்டுக்கிட்டு இருக்கான். நீங்க போயிருங்க."

"அக்கா..."

அடுப்படிப் பக்கமிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது. பேட்டிக்காக நான் நாள்கணக்கில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்ட அதே குரல்.

"யாருக்கா அது?"

என் பக்கத்தில் நின்றவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"யாரோ தெரியல சாமி," என்றார் நாகலெட்சுமி. "நீ சாப்புடு."